மணிமுத்தாற்றில் போட்ட பொன்

ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடினாற்போல என்று ஜனங்கள் சொல்லுவதைத் தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் கேட்கலாம். ஆனால் அந்தப் பழமொழியில் வருகிற ஆறு எது, குளம் எது என்று கேட்டால் விடை சொல்லக்கூடியவர்கள் சிலரே. ஆறு எங்கள் விருத்தாசலத்து மணிமுத்தாறு; குளம் திருவாரூர்க் கமலாலயம். பழமலைநாதர் சந்நிதியில் பாடிப் பன்னீராயிரம் பொன் பெற்ற சுந்தரமூர்த்தி நாயனார், அவ்வளவையும் சுமந்துகொண்டு வழிநடப்பது எப்படி என்று விண்ணப்பம் செய்து, இறைவன் சொன்னபடி இந்த ஆற்றிலே போட்டுவிட்டுப் போய், தம் மனைவி பரவை நாச்சியார் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கத் திருவாரூர்க் குளத்தில் இறங்கித் தேடி எடுத்தார் என்பது புராணம். கதையைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் அதில் இன்னும் இரண்டு சிறு விவரங்கள் இருக்கின்றன. ஆற்றில் போடுமுன் அந்தப் பொன்னில் ஒரு துண்டு வெட்டி அவர் மச்சமாக, அதாவது மாதிரியாக, எடுத்து வைத்துக்கொண்டார் என்பது ஒன்று. குளத்தில் கிடைத்த பொன்னை அந்த மச்சத்தோடு வைத்து உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது என்பது மற்றொன்று. மறுபடியும் பாடிய பிறகே பொன் பழைய மாற்றுக்கு வந்ததாம். மாற்று உரைத்துச் சொன்ன பிள்ளையார் இன்றும் அந்தக் குளக்கரையில் இருக்கிறார்.

தெய்வமே கொடுத்துத் தெய்வமே திருப்பித் தந்த பொன்னைக்கூட உரைகல்லில் தேய்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருந்தது என்பதில் எனக்குச் சிறுவயது முதலே ஒரு வியப்பு உண்டு. 2025 நவம்பர் 15ஆம் தேதி காலையில், செராமிக் தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில் உள்ள ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அந்த வியப்பு மறுபடியும் வந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணி தன் சுழற்பந்து வீச்சாளர் ரவீந்திர ஜடேஜாவையும், அவரோடு இங்கிலாந்தின் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து விக்கெட் காப்பாளர் சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது என்ற செய்தி அப்போதுதான் வந்திருந்தது. சூளையில் சரக்கு அடுக்குகிற ஒரு பெரியவரும், முதுகில் 8 என்ற எண் போட்ட மஞ்சள் பனியன் அணிந்த அவருடைய அக்காள் மகனும் எதிர் பெஞ்சில் இருந்தார்கள். பையனுக்குப் பதினேழு வயதிருக்கும்.

"பன்னெண்டு சீசன் வச்சிருந்துட்டு எப்படி மாமா குடுக்க மனசு வருது?" என்றான் அவன்.

"குடுக்கலடா மாப்ள, மாத்திக்கிட்டாங்க."

"மாத்துனா மட்டும் வலிக்காதா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை, டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பையனுடைய கேள்விதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஓர் அணி தன் தலைசிறந்த பந்துவீச்சாளரை எந்தக் காலம் வரையில் வைத்துக்கொள்ள வேண்டும், எப்போது கொடுத்துவிட வேண்டும் என்பது இந்தியாவில் ஐ.பி.எல். தொடங்கிய 2008ஆம் வருஷத்துக்குப் பிறகு வந்த பிரச்னை. ஆனால் அமெரிக்க ஜனங்கள் பேஸ்பால் என்னும் ஆட்டத்தின் பொருட்டு இதையே நூறு வருஷங்களுக்கு மேலாகத் தர்க்கம் செய்துவருகிறார்கள்.

பேஸ்பாலில் நம்முடைய பந்துவீச்சாளருக்குச் சமானமானவர் பிட்சர். அவர் ஒரு மேட்டின்மேல் நின்று, தரையில் படாமல் நேராக மட்டையாளருக்குப் பந்தை எறிகிறார். எறிவது மிகக் கடுமையான வேலையாதலால், ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர் ஒரு நாள் நூறு பந்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக எறிந்தால், அடுத்த நான்கு நாள் தோளுக்கு ஓய்வு கொடுத்து ஐந்தாம் நாள்தான் மறுபடி மேட்டில் ஏறுவார். அணியொன்றுக்குப் பருவத்தில் 162 ஆட்டங்கள் என்றால் அவருடைய பங்கு முப்பதுக்குச் சற்று மேல், அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. நம் இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு பந்துவீச்சாளர் நான்கு ஓவருக்குமேல் போடக்கூடாது என்று விதி இருக்கிறது. 120 பந்தில் 24. அதுவும் ஐந்தில் ஒன்றே. இரண்டு ஆட்டங்களும் வெவ்வேறு வழியாக வந்து ஒரே பின்னத்தில் நிற்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. எவ்வளவு பெரிய வீரனானாலும் அவன் கையில் இருப்பது ஐந்தில் ஒரு பங்குதான். மீதி நான்கு பங்குக்கு வேறு ஆட்களைத் தேட வேண்டும், அவர்களுக்கும் பணம் கொடுக்க வேண்டும். நட்சத்திர வீரனைக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று பேரை வாங்கலாமா என்ற எண்ணம் அணியை நடத்துகிறவர்கள் மனத்தில் எழுவதற்குக் காரணம் இதுவே, அவர்களுடைய கல் நெஞ்சம் காரணம் என்று சொல்லுவதற்கில்லை.

இந்தக் கணக்கில் தவறியவர்களில் பிரசித்தி பெற்றவர் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் சொந்தக்காரரான ஹாரி ஃப்ரேஸி. அவரிடம் பேப் ரூத் என்று ஒரு பிட்சர் இருந்தார். 1916இல் 23 வெற்றி, 1917இல் 24 வெற்றி என்று எறிந்து காட்டியவர். 1915, 1916, 1918 ஆகிய மூன்று வருஷங்களிலும் பாஸ்டன் உலகத் தொடர்க் கோப்பையை வென்றது. எறிவதில் மட்டுமின்றி அடிப்பதிலும் அவருக்கு அசாதாரணமான சக்தி இருந்ததை 1919ஆம் வருஷத்து ஆட்டங்கள் வெளிப்படுத்தின. அந்த வருஷ முடிவில் அவரை ஃப்ரேஸி நியூயார்க் யாங்கீஸ் அணிக்குப் பணத்துக்கு விற்றுவிட்டார். ரூத்துக்கு அப்போது வயது 24. அதுவரை ஒரு கோப்பையும் காணாத நியூயார்க், 1923இல் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக வென்றது. பாஸ்டனோ 1918க்குப் பிறகு அடுத்த கோப்பைக்கு 2004 வரை காத்திருக்க நேர்ந்தது. எண்பத்தாறு வருஷம்! பாட்டன் கண்ட வெற்றியைப் பேரன் கிழவனாகும்போதுதான் மறுபடி காண முடிந்தது. பாஸ்டன் ஜனங்கள் இதை ரூத்தின் சாபம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சாபம் என்று சொல்லாமலே இதை எங்கள் ஊர்த் தொழிலாளி விளக்கிவிடுவார். இங்கே களிமண்ணைக் கரைத்து மோல்டில் ஊற்றிப் பொம்மையாகவும், மின்சார ஃபியூஸ் கட்டையாகவும், அகல் விளக்காகவும் எடுத்துக் காயவைக்கிறார்கள். காய்ந்தது உடைந்தாலும் பாதகமில்லை. தண்ணீர் விட்டுக் கரைத்தால் மறுபடியும் மண். அதிலிருந்து எதை வேண்டுமானாலும் செய்யலாம். சூளையில் வெந்துவிட்டாலோ அது என்ன உருவத்தில் இருக்கிறதோ அதே உருவந்தான். அதற்குமேல் அது உழைக்கும், அல்லது உடையும். 24 வயது ரூத் வேகாத மண். பிட்சராக இருந்தவர் உலகத்திலேயே தலைசிறந்த மட்டையாளராக உருமாறினாரே, அந்த உருமாற்றம் முழுவதையும் ஃப்ரேஸி தெரியாமல் கூடவே விற்றுவிட்டார்.

வேகாத மண்ணைக் கொடுத்து வெந்த பாத்திரத்தை வாங்கிய கதையும் உண்டு. 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி, மிச்சிகன் மாகாணத்திலேயே வளர்ந்து அந்த அணியிலேயே ஆட ஆசைப்பட்டிருந்த ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற இருபது வயதுப் பிட்சரை அட்லாண்டாவுக்குக் கொடுத்துவிட்டு, டாயில் அலெக்சாண்டர் என்ற 36 வயதுக்காரரை வாங்கியது. அலெக்சாண்டர் வந்து ஒன்பது ஆட்டங்களில் வென்றார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. டெட்ராய்ட் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. ஆனால் அடுத்த கட்டத்திலேயே தோற்றது. ஸ்மோல்ட்ஸோ அட்லாண்டாவில் இருபது பருவங்கள் ஆடி, 2015இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். டெட்ராய்ட்காரர்கள் செய்தது தவறா? அந்த இரண்டு மாதத்து வெற்றியைக் கண்ணால் கண்டு களித்தவர்கள் தவறு என்று சொல்லமாட்டார்கள். என் அபிப்பிராயம் வேறு. சொந்த மண்ணில் விளைந்த இருபது வயதுப் பிள்ளையை இரண்டு மாதத்துக்காகக் கொடுக்கக்கூடாது. கொடுக்கிறவன் எதைக் கொடுக்கிறான் என்பது இன்னும் அவனுக்கே தெரியாது அல்லவா?

சொந்த மண் என்றதும் ரவிச்சந்திரன் அஸ்வின் ஞாபகம் வருகிறது. உண்மையில் இந்த விவகாரத்துக்குத் தமிழ்நாட்டில் அவரைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

1986 செப்டம்பர் 17ஆம் தேதி சென்னையில் பிறந்து, மேற்கு மாம்பலத்தில் வளர்ந்து, எஞ்சினியரிங் படித்த அஸ்வின், ஆரம்பத்தில் மட்டை பிடிக்கிறவராக இருந்து பிறகு சுழற்பந்துக்கு வந்தவர். சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்து ஆடுகிற பையன்கள், நடு விரலால் பந்தைச் சொடுக்கி எதிர்ப்பக்கம் திருப்புகிற ஒரு வித்தையைச் சொடுக்குப் பந்து என்பார்கள். இலங்கையின் அஜந்த மெண்டிஸ் அதே வகைப் பந்தை 2008இல் சர்வதேச ஆட்டத்தில் வீசிக் கலக்கியபோது உலகம் அதைக் கேரம் பந்து என்று கொண்டாடிற்று. அஸ்வினுக்கு அது தெருவிலேயே கிடைத்த சொத்து. 2009இல் சென்னை அணிக்காக முதல் ஐ.பி.எல். ஆட்டம் ஆடினார், 2010இல் அணி முதல் கோப்பையை வென்றபோது அதில் அவர் பங்கு பெரிது, அதே வருஷம் தென்னாப்பிரிக்காவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் போட்டியில் அவரே தொடரின் சிறந்த வீரர்.

2011 மே 28ஆம் தேதி சேப்பாக்கத்தில் நடந்த இறுதி ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். சென்னை 205 ஓட்டங்கள் எடுத்துவிட்டது. எதிரில் பெங்களூர் அணி. அந்தப் பருவத்தில் எல்லோரையும்விட அதிகமாக, 608 ஓட்டங்கள், குவித்த கிறிஸ் கெயில் ஆட்டத்தைத் தொடங்க வந்து நிற்கிறார். அப்படிப்பட்டவருக்கு எதிராக முதல் ஓவரை வேகப்பந்து வீச்சாளரிடம் கொடுப்பதே வழக்கமாயிருக்க, அணித் தலைவர் தோனி புதுப் பந்தை 24 வயது அஸ்வின் கையில் கொடுத்தார். அந்த ஓவர் முடியுமுன் கெயில் ஓர் ஓட்டமும் எடுக்காமல், விக்கெட்டுக்குப் பின்னால் தோனியிடமே பிடி கொடுத்துத் திரும்பிவிட்டார். ஆட்டத்தில் பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் பலருக்கும் ஞாபகமிராது. சென்னை 58 ஓட்டத்தில் வென்றது, அஸ்வின் 16 ஓட்டங்களுக்கு 3 விக்கெட் எடுத்தார் என்பதைப் புள்ளிவிவரம் பார்த்துத்தான் சொல்லுவார்கள். ஆனால் அந்த ஒரு விக்கெட்டை, அந்தப் பந்து எழும்பிய விதத்தை, சேப்பாக்கத்தில் எழுந்த அந்தக் கோஷத்தை எவரும் மறக்கவில்லை. சுந்தரர் வெட்டி வைத்துக்கொண்ட மச்சம்போல, தமிழ்நாட்டு ரசிகர்கள் அந்த முதல் ஓவரை வெட்டித் தங்கள் மனத்தில் வைத்துக்கொண்டார்கள்.

2015 வரையில் சென்னைக்காக அவர் எடுத்த விக்கெட்டுகள் 90. அந்த வருஷம் ஜூலையில் நீதிபதி லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டு வருஷம் விலக்கி வைத்தது. அணி கலைந்தது, தோனியும் அஸ்வினும் புணேக்கும், ரெய்னாவும் ஜடேஜாவும் ராஜ்கோட்டைத் தலமாகக் கொண்ட குஜராத் அணிக்கும் போனார்கள். 2018இல் சென்னை அணி திரும்பியபோது தோனி, ரெய்னா, ஜடேஜா மூவரையும் ஏலத்துக்கு விடாமல் தக்கவைத்துக்கொண்டது. இந்தியாவுக்காக ஆடியவர்களில் மூன்று பேருக்கு மேல் அப்படிப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடாது என்பது விதியாதலால், ஏலத்தில் அடுத்தவர் கேட்ட விலையையே கொடுத்து அஸ்வினை மீட்டுக்கொள்ளும் உரிமையும் சென்னைக்கு இல்லாமற் போயிற்று. பஞ்சாப் அணி 7.6 கோடி ரூபாய்க்கு அவரை வாங்கித் தலைவராகவும் ஆக்கியது. மாம்பலத்துப் பிள்ளை மொகாலிக்குப் போய்விட்டார் என்று அன்றைக்குத் தமிழ்நாட்டில் எழுந்த வருத்தம் சாமானியமானதன்று, நானும் வருந்தினவன்தான்.

இன்றைக்கு அமைதியாகக் கணக்குப் பார்த்தால் என்ன தெரிகிறது? அஸ்வின் இல்லாத சென்னை 2018இல் கோப்பையை வென்றது. 2019இல் ஒரே ஓட்டத்தில் இறுதி ஆட்டத்தை இழந்தது. 2021இலும் 2023இலும் மறுபடியும் வென்றது. அவருடைய இடத்துக்கு ஒரு கோடி ரூபாய்க்கு வாங்கிய இம்ரான் தாஹிர், தம் நாற்பதாவது வயதில் 2019ஆம் வருஷம் 26 விக்கெட் எடுத்துப் போட்டியிலேயே முதலிடம் பெற்றார். அஸ்வினும் வீணாய்ப் போய்விடவில்லை: பஞ்சாபுக்கு 25, பிறகு தில்லிக்கு 20, பிறகு ராஜஸ்தானுக்கு 35 என்று ஏழு பருவங்களில் 80 விக்கெட் எடுத்தார். கொடுத்தவருக்கு நஷ்டமில்லை, போனவருக்கும் நஷ்டமில்லை. ஐந்தில் ஒரு பங்கு என்று முன்னே சொன்னேனே, அந்தக் கணக்கு இங்கே பிரத்தியட்சமாகிறது. மூவரில் ஒருவராக 31 வயது அஸ்வினைவிட 29 வயது ஜடேஜாவைத் தேர்ந்தெடுத்தது சரி என்றே இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஜடேஜா பந்து வீசுவார், மட்டை பிடிப்பார், களத்தில் அவர் கைக்குப் போன பந்தின்மேல் ஓட்டம் எடுக்க எவனும் யோசிப்பான். ஓர் ஆளைத் தக்கவைத்து மூன்று வேலை வாங்கலாம்.

தவறு அப்போது நேரவில்லை, பிறகு நேர்ந்தது. 2024 நவம்பரில் ஜெத்தாவில் நடந்த ஏலத்தில் சென்னை அணி 9.75 கோடி ரூபாய் கொடுத்து அஸ்வினைத் திரும்ப வாங்கியது. அவருக்கு அப்போது 38 வயது. அடுத்த மாதமே, 106 டெஸ்டுகளில் 537 விக்கெட் எடுத்த மகத்தான வாழ்க்கையைப் பிரிஸ்பேனில் முடித்துக்கொண்டு, சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 2025இல் சென்னைக்காக ஒன்பது ஆட்டங்கள் ஆடி ஏழு விக்கெட்டுகள் எடுத்தார். அணி தன் சரித்திரத்தில் முதல் முறையாகப் பட்டியலின் கடைசி இடத்துக்குச் சென்றது. ஆகஸ்டு மாதம் ஐ.பி.எல்.லிலிருந்தும் அவர் விடைபெற்றார். அதே ஏலத்தில் ஏறக்குறைய அதே விலைக்கு, பத்துக் கோடிக்கு, சென்னை வாங்கிய ஆப்கானிஸ்தானத்து நூர் அகமதுக்கு அப்போது வயது பத்தொன்பது. 2025ஆம் வருஷப் பருவத்தில் அவர் 24 விக்கெட் எடுத்தார்.

அஸ்வினைக் குறை சொல்லுவதாக யாரும் நினைக்கக்கூடாது. அவரைப்போல ஆட்டத்தைப் பற்றிச் சிந்திக்கிற ஒரு மனிதர் தமிழ்நாட்டில் பிறந்தது நம் பாக்கியம். ஆற்றில் போட்ட பொன்னைக் குளத்தில் தேடினார்கள். கிடைத்தது அதே பொன்தான். ஒன்பது வருஷம் தண்ணீருக்குள் கிடந்ததால் மாற்றுக் குறைந்திருந்தது. சுந்தரர் மறுபடியும் பாடினார், பொன் பழையபடி ஆயிற்று. மனித உடம்புக்கு அந்த வரம் இல்லை. வாங்கினவர்கள் கையில் வைத்திருந்த மச்சம் 2011ஆம் வருஷத்தது. அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே விலை கூறினார்கள். மச்சம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெட்டி வைக்கிற துண்டு. எதிரில் வந்திருக்கிற பொன்னை அதன் பக்கத்தில் வைத்து உரைத்த பிறகு அல்லவா விலை பேச வேண்டும்?

பந்துவீச்சாளர் விஷயத்தில் இந்த உரைப்பு மற்றவர்கள் விஷயத்தைவிடக் கடினமானது. சூளையிலிருந்து எடுத்த பீங்கானை எங்கள் ஊர்க்காரர் விரலால் சுண்டிப் பார்ப்பார். நல்லதானால் கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் மந்தமாகக் கேட்கும். தோளையும் முழங்கையையும் முதுகையும் அப்படிச் சுண்டிப் பார்க்க வழியில்லை. 1974இல் லாஸ் ஏஞ்சலீஸ் அணியின் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முழங்கைத் தசைநார் அறுந்தபோது, டாக்டர் ஃபிராங்க் ஜோப் மற்றக் கையிலிருந்து ஒரு நாரை எடுத்து வைத்துத் தைத்தார். ஒரு வருஷம் முழுதும் ஆடாமலிருந்து திரும்பிவந்த ஜான், அதற்குப் பிறகு 164 ஆட்டங்களில் வென்றார். இன்றைக்கும் அந்தச் சிகிச்சை அவர் பேராலேயே வழங்குகிறது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. அறுபடுமுன் யாருக்கும் தெரிவதுமில்லை. ஜாக்கி ராபின்சனைச் சேர்த்துக் கறுப்பினத்தவருக்கு அந்த ஆட்டத்தின் கதவைத் திறந்துவிட்ட பிராஞ்ச் ரிக்கி என்ற நிர்வாகி, ஒரு வருஷம் பிந்திக் கொடுப்பதைவிட ஒரு வருஷம் முந்திக் கொடுப்பதே மேல் என்ற கொள்கையுடையவர் என்பார்கள். வியாபார ரீதியில் அது நியாயமே. ஆனால் முந்திக் கொடுக்கிறவன், கொடுக்கிற இடத்தில் நிற்க இன்னொருவனைத் தயாராக வைத்திருக்க வேண்டும். 2018இல் சென்னையிடம் ஜடேஜா இருந்தார். 1919இல் பாஸ்டனிடம் யாரும் இல்லை.

டீக்கடைப் பையன் கேட்ட வலிக்கு இந்தக் கணக்கு எதுவும் விடையாகாது. கொடுக்கப்படுகிறவர் பொன்னோ பீங்கானோ அல்லரே, மனிதர் அல்லவா? இதையேதான் செயின்ட் லூயிஸ் அணியில் பன்னிரண்டு பருவம் ஆடிய கர்ட் ஃப்ளட் 1969இல் கேட்டார். அவரைக் கேளாமலே ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்துவிட்டபோது, நான் வாங்கவும் விற்கவும் ஒரு பண்டமா என்று கடிதம் எழுதி, வழக்குத் தொடுத்து, 1972இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றார். அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கையும் முடிந்துபோயிருந்தது. மூன்று வருஷம் கழித்து, மெஸ்ஸர்ஸ்மித், மெக்நாலி என்ற இரண்டு பேர் நடுவர் மன்றத்தில் வென்று ஆட்டக்காரர்களின் தளையை அறுத்தார்கள். இருவரும் பிட்சர்களே என்பதை நான் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன். ஐ.பி.எல். விதியில் ஆட்டக்காரருடைய சம்மதமில்லாமல் அவரை வேறோர் அணிக்கு மாற்ற முடியாது என்று இருக்கிறது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இந்த வியாபாரத்தைப் பற்றி எழுதவே எனக்கு மனம் வந்திராது.

இனி ஜடேஜாவைப் பற்றி. சென்னைக்காக 143 விக்கெட் எடுத்தவர். அவ்வளவு எடுத்தவர் அந்த அணியில் வேறு யாரும் இல்லை. 2023ஆம் வருஷத்து இறுதி ஆட்டத்தில், மழையால் நள்ளிரவைத் தாண்டிப் போன அந்த ஆமதாபாத் இரவில், இரண்டே பந்து மீதியிருக்கப் பத்து ஓட்டம் தேவை என்ற நிலையில், ஒன்றை ஆறுக்கும் மற்றொன்றை நாலுக்கும் அனுப்பி ஐந்தாவது கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். ஓடிவந்த அவரைத் தோனி தூக்கிக்கொண்டதைப் பார்த்து இந்த ஊரில் கண்ணீர் விட்டவர்களை நான் அறிவேன். அந்தப் பந்துகள் நம்முடைய இன்னொரு மச்சம்.

ஆனால் 2025 டிசம்பரில் அவருக்கு 37 வயது நிறைந்தது. சுழற்பந்துக்கு நூர் அகமது இருந்தார். விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற தோனிக்கு அப்போது 44 வயது. அவருடைய இடத்துக்கு அணியில் யாரும் வளர்க்கப்படவில்லை. சஞ்சு சாம்சனுக்கு அப்போது 31. 18 கோடி வாங்கிக்கொண்டிருந்த ஜடேஜாவின் விலை 14 கோடியாகக் குறைக்கப்பட்டே இந்த மாற்றம் நடந்தது. அந்த நான்கு கோடி உரைகல் சொன்ன மாற்றுக் குறைவு. அஸ்வினை 38 வயதில் வாங்கினபோது சேப்பாக்கத்துக்காரர்கள் உரைக்க மறந்த கல்லை, இந்த முறை அவர்களே எடுத்து உரைத்திருக்கிறார்கள். இருபத்தேழு வயதுச் சாம் கரனையும் சேர்த்துக் கொடுத்தது அதிகம் என்று எனக்குப் படுகிறது. அவரைக் கொடுக்காமல் முடித்திருக்கலாம். ஜடேஜாவைக் கொடுத்தது சரி. மனம் ஒப்பவில்லை, ஆனாலும் சரி. அவர் போகிற இடமும் அந்நியமன்று. 2008இல், முதல் ஐ.பி.எல். கோப்பையை ஷேன் வார்ன் தலைமையில் ராஜஸ்தான் வென்றபோது, பத்தொன்பது வயதுப் பையனாக அந்த அணியில் இருந்தவர் அவர். வேகாத மண்ணாகப் புறப்பட்ட இடத்துக்கே வெந்த பாத்திரமாகத் திரும்பிப் போகிறார்.

இந்த அபிப்பிராயத்தை அந்தப் பையனிடம் சொல்ல வேண்டும் என்று, சில நாள் கழித்து மாலையில் தொழிற்பேட்டைப் பக்கம் போனேன். சூளை பிரித்திருந்தார்கள். பெரியவர் தரையில் உட்கார்ந்து, வெள்ளை வெளேரென்று வெந்திருந்த ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் சுண்டிப் பார்த்து, நல்லதை வலப்புறமும் கீறலானதை இடப்புறமுமாக வைத்துக்கொண்டிருந்தார். பையன் சற்றுத் தள்ளி நின்று ஒரு டென்னிஸ் பந்தை நடு விரலால் சொடுக்கிச் சொடுக்கிச் சுவரில் எறிந்துகொண்டிருந்தான். அதே 8ஆம் எண் பனியன்.

"மாமா, இனிமே இந்தப் பனியன மாத்தணுமா?" என்றான் திரும்பாமலே.

"கிழிஞ்சா பாத்துக்கலாம் மாப்ள" என்று சொல்லிவிட்டு, பெரியவர் அடுத்த கட்டையை எடுத்துச் சுண்டினார்.